வீட்டுக் கணக்கு: சிறு மொத்தமும் பெரு மொத்தமும்



தோட்டத்துக் கோயில்களில் திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும் நாளில் தவறாமல் ஒரு கேள்வி எழும். பொருளாளர் எழுந்து நின்று, "இந்த ஆண்டு வசூல் மொத்தம் இவ்வளவு வெள்ளி" என்று வாசிப்பார். கைதட்டல் ஓய்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அதெல்லாம் சரிதான் தம்பி. எங்க லயத்துல எவ்வளவு சேந்துச்சு? தாமான்ல இருக்கிறவங்க எவ்வளவு குடுத்தாங்க? அதைச் சொல்லு" என்பார்.

இது வம்புக்குக் கேட்கும் கேள்வி அன்று. தன் பங்கு கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு உள்ள உரிமை அது. ஐந்நூறு பேர் கொடுத்த பணத்தை ஒரே எண்ணாக வாசித்தால் அதில் தன் பத்து வெள்ளி எங்கே இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. லயத்துக்கு இவ்வளவு, தாமானுக்கு இவ்வளவு, கிள்ளான் பக்கம் போய்விட்ட குடும்பங்களுக்கு இவ்வளவு என்று பிரித்து வாசித்தால்தான் அவரவர் தம் பங்கைத் தேடிப் பார்க்கலாம்.

இப்போது கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கங்களில் இந்தக் கணக்குகளைப் பிள்ளைகள் எக்செலில் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்களில் பலர் ஓரிடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பெயர்களையெல்லாம் தட்டெழுதி, வரிக்கு வரி நிறம் மாறும் அழகான டேபிளாகவும் மாற்றிவிடுகிறார்கள். பிறகு இடத்துக்கு இடம் சிறு மொத்தம் போடலாம் என்று சப்டோட்டல் பொத்தானைத் தேடினால், அது மங்கிக் கிடக்கிறது. அழுத்தினாலும் அசையவில்லை. கணினி கெட்டுவிட்டதோ என்று பயந்து, சிறு மொத்தத்தைக் கையால் கூட்டி நடுவில் எழுதிவிடுகிறார்கள். தப்பு நுழைகிற வாசல் அதுதான். இந்த மாதம் அதை மூடுவது எப்படி என்று பார்ப்போம்.

செக்ரோல் சொல்லிக் கொடுத்த பாடம்

சிறு மொத்தம் என்பது தோட்ட மக்களுக்குப் புதிய சரக்கு அல்ல. பெரட்டில் பெயர் கூப்பிட்டு, கிராணியார் செக்ரோலில் குறித்த காலத்திலிருந்து நமக்குப் பழக்கமானதுதான். செக்ரோல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர். மேலே மாதத்தின் தேதிகள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வலப்பக்கம் மொத்த வேலை நாள், சம்பளம், பிடித்தம், கைக்கு வரும் பணம். பக்கத்தின் அடியில் அந்தப் பக்கத்துக் கூட்டு. எல்லாப் பக்கங்களின் கூட்டையும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கூட்டினால் தோட்டத்தின் பெரு மொத்தம்.

இதில் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, ஒருவர் சம்பளத்தில் ஒரு நாள் குறைந்தால், எந்தக் கும்பல், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று தேடிப் போக வழி இருந்தது. மற்றொன்று, குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் கடைசியில் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு என்று கிராணியாருக்கே தெரிந்துவிடும்.

கூலிக் கணக்கைப் பிரித்துக் காட்டுவது நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததன்று, சட்டமும் கேட்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத்தான் பிடிக்கலாம். அவையும் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சம்பளம் எதற்கு எவ்வளவு, பிடித்தம் எதற்கு எவ்வளவு என்ற விவரத்தையும் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது. சொக்சோ 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது சம்பளச் சீட்டில் ஒரு வரி கூடியது. கைக்கு வரும் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வரிகள் சொல்லும் சேதி தெரியாமல் போய்விடும்.

தலைப்பைப் பார்த்தே உள்ளே இருப்பதை முடிவு செய்துவிடக்கூடாது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. பெஸ்தாரி ஜெயா என்று இன்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தையின் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரோ தென்னமரம். ஆனால் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்ட தோட்டம் அதுதான். 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. கணக்கிலும் அப்படித்தான்: "மொத்தம்" என்று தலைப்பு இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் எந்த எந்த வரி சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பேரேடு கணினிக்குள் வந்த கதை

கணினியில் உள்ள கட்டத் தாளும் இந்தப் பேரேட்டின் பிள்ளைதான். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்லின் என்ற மாணவர், ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கெழுதுவதையும், ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொட்ட மற்ற எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதையும் பார்த்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும்படி ஒரு பலகை இருந்தால் என்ன என்று யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979-இல் விற்பனைக்கு வந்தது. 1983-இல் லோட்டஸ் வந்தது. எக்செல் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கும், 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. நாம் இன்று பார்க்கிற வண்ண டேபிள் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த வடிவம்.

பொத்தான் ஏன் மங்குகிறது?

சாதாரணக் கட்டங்களில் எழுதிய பட்டியலுக்கும் டேபிளுக்கும் நிறம் மட்டும் வேறுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டேபிள் என்று சொன்ன உடனே கணினி அந்தப் பட்டியலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. கீழே ஒரு பெயர் சேர்த்தால் டேபிள் தானே நீளும். தலைப்பில் அம்புக்குறி வைத்து, வேண்டியதை மட்டும் வடிகட்டிக் காட்டும். இவ்வளவும் நடக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு வரியும் ஒரே சாதியாக இருக்க வேண்டும். ஒரு வரி என்றால் ஒரு குடும்பம். அடுத்த வரி என்றால் அடுத்த குடும்பம்.

சப்டோட்டல் பொத்தான் செய்வதோ வேறு வேலை. அது பட்டியலின் நடுநடுவே புது வரிகளைச் செருகி, அவற்றில் "லயம் மொத்தம்", "தாமான் மொத்தம்" என்று எழுதும். செக்ரோலில் பெயர்களுக்கு நடுவே "மொத்தம்" என்று ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்து வரும் கிராணியார் மொத்தம் என்பவரையும் ஓர் ஆளாக எண்ணிச் சம்பளம் போட்டுவிடுவாரே, அதே ஆபத்து. ஆகவேதான் டேபிளாக இருக்கும்வரை கணினி அந்தப் பொத்தானைத் தருவதில்லை. கணினி கெட்டுவிடவில்லை, அது நம்மைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தடையைக் கடக்க மூன்று வழிகள் உண்டு. எந்தக் காரியத்துக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வழி: டேபிளைப் பழைய பட்டியலாக்குவது

கணக்கு முடிந்துவிட்டது, இனிமேல் புதுப் பெயர் சேராது, அச்சடித்து வாசிக்க வேண்டும் என்றால் இந்த வழி நல்லது.

முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை மறக்க வேண்டாம்.

டேபிளின் அடியில் ஏற்கெனவே மொத்த வரி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் ஒரு குடும்பம்போலப் பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, "இடம்" என்ற பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். லயத்தாரெல்லாம் ஒன்றாக, தாமானாரெல்லாம் ஒன்றாக நிற்க வேண்டும். பெயர் மாறும் இடத்தில்தான் கணினி சிறு மொத்தம் போடும். வரிசைப்படுத்தாமல் விட்டால் லயம் நாலு இடத்தில் வந்து நாலு சிறு மொத்தம் நிற்கும்.

இப்போது டேபிளுக்குள் ஓரிடத்தைத் தொட்டு, மேலே டேபிள் டிசைன் பக்கத்தில் "கன்வெர்ட் டு ரேஞ்ச்" என்பதை அழுத்துங்கள். சம்மதமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். நிறம் அப்படியே இருக்கும். தலைப்பில் இருந்த அம்புக்குறிகள் மட்டும் போய்விடும். இனி டேட்டா பக்கத்துக்குப் போனால் சப்டோட்டல் பொத்தான் உயிர் பெற்றிருக்கும்.

அதை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். முதல் கேள்வி, எது மாறும்போது மொத்தம் போட வேண்டும் என்பது. "இடம்" என்று சொல்லுங்கள். இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்பது. கூட்டல் என்று சொல்லுங்கள். மூன்றாவது, எந்தப் பத்தியைக் கூட்ட வேண்டும் என்பது, "தொகை"யைக் குறியுங்கள். முடிந்தது.

இப்போது தாளின் இடப்பக்க ஓரத்தில் 1, 2, 3 என்று மூன்று சிறு எண்கள் தெரியும். 1-ஐ அழுத்தினால் பெரு மொத்தம் மட்டும். 2-ஐ அழுத்தினால் இடத்துக்கு இடம் சிறு மொத்தம். 3-ஐ அழுத்தினால் எல்லாப் பெயரும். கூட்டத்தில் வாசிக்க 2 போதும். சந்தேகம் கேட்பவருக்கு 3-ஐத் திறந்து காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2-ஐ அழுத்திச் சுருக்கிய பட்டியலை அப்படியே நகலெடுத்து வேறு தாளில் ஒட்டினால், மறைந்திருக்கும் பெயர்களும் கூடவே வந்துவிடும். சிறு மொத்தங்களை மட்டும் எடுக்க வேண்டுமானால், பகுதியைத் தேர்ந்தெடுத்தபின் ஆல்ட் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்தி, அதன்பிறகு நகலெடுங்கள். கண்ணுக்குத் தெரிவது மட்டும் வரும்.

வேலை முடிந்து மறுபடி டேபிள் வேண்டுமென்றால், அதே சப்டோட்டல் பெட்டியில் உள்ள "ரிமூவ் ஆல்" பொத்தானால் சிறு மொத்த வரிகளை எடுத்துவிட்டுத்தான் டேபிளாக்க வேண்டும். எடுக்காமல் டேபிளாக்கினால், முன்பு சொன்ன "மொத்தம்" என்ற ஆளுக்கும் பேர் விழுந்துவிடும்.

இரண்டாம் வழி: டேபிளை டேபிளாகவே வைத்திருப்பது

வசூல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நாளுக்கு நாலு பெயர் சேர்கிறது என்றால் டேபிளைக் கலைக்க வேண்டாம். டேபிளுக்குள் நின்று கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். அடியில் மொத்த வரி வரும். இனி "இடம்" என்ற தலைப்பின் அம்புக்குறியைத் தொட்டு, தாமானை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொத்த வரி தானாகவே தாமானின் மொத்தத்தைக் காட்டும். லயத்தைத் தேர்ந்தெடுத்தால் லயத்தின் மொத்தம். நடுவில் எந்த வரியும் செருகாமலே சிறு மொத்தம் கிடைத்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது? அந்த மொத்த வரிக்குள் இருப்பது சாதாரணக் கூட்டல் சூத்திரமான சம் அன்று; சப்டோட்டல் என்ற சூத்திரம். பொத்தானுக்கும் சூத்திரத்துக்கும் ஒரே பெயர் என்பதால் குழம்ப வேண்டாம். பொத்தானைத்தான் டேபிள் மறுக்கிறது, சூத்திரத்தை மறுப்பதில்லை. சூத்திரத்தின் அடைப்புக்குள் முதலில் ஓர் எண் இருக்கும். 9 என்றாலும் 109 என்றாலும் கூட்டல்தான். இரண்டுமே வடிகட்டி ஒதுக்கிய வரிகளைச் சேர்ப்பதில்லை. வேறுபாடு என்னவென்றால், யாராவது ஒரு வரியைக் கையால் மறைத்து வைத்தால் 9 அதையும் சேர்த்துக் கூட்டும், 109 சேர்க்காது. டேபிளின் மொத்த வரி 109-ஐத்தான் பயன்படுத்துகிறது.

ஆகவே இந்த வழியில் ஒரு கண் வைக்க வேண்டும். தாமானை மட்டும் வடிகட்டிப் பார்த்துவிட்டு, வடிகட்டியை எடுக்க மறந்து அச்சடித்தால், தாமானின் மொத்தமே கோயிலின் மொத்தமாக வாசிக்கப்பட்டுவிடும். அதன்பின் எத்தனை விளக்கம் சொன்னாலும் சந்தேகம் தீராது. அச்சடிக்கும் முன் இடப்பக்கத்து வரி எண்களைப் பாருங்கள். அவை நீல நிறமாகி, நடுவில் தாவித் தாவிப் போனால் வடிகட்டி இன்னும் இருக்கிறது என்று பொருள். நீலம் இல்லாமல் எண்கள் தாவினால் யாரோ கையால் வரிகளை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாம் வழி: தனித்தாளில் சுருக்கம்

கிராணியார் பக்கக் கூட்டுகளைத் தனித்தாளில் எழுதினாரே, அதே முறை. டேபிள் ஒரு தாளில் இருக்கட்டும். மற்றொரு தாளில் லயம், தாமான், கிள்ளான் என்று இடங்களை மட்டும் எழுதி, பக்கத்தில் சம்இஃப் என்ற சூத்திரம் போடுங்கள். "இடம் என்ற பத்தியில் லயம் என்று இருக்கும் வரிகளின் தொகையை மட்டும் கூட்டு" என்பது அதன் பொருள். டேபிளில் புதுப் பெயர் சேர்ந்தால் சுருக்கத் தாளும் தானே மாறும். பிவட் டேபிள் என்ற வசதியும் இதே வேலையைச் செய்யும். அதில் புது வரி சேர்த்தபின் ரிஃப்ரெஷ் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முழுதும் நடக்கும் கணக்குக்கு, அதாவது மாதச் சந்தா, மரண சகாய நிதி போன்றவற்றுக்கு, இந்த மூன்றாம் வழியே நல்லது.

எக்செல் விலை கொடுத்து வாங்க வேண்டியது. கையில் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்கைப் பயன்படுத்தலாம். அதிலும் டேட்டா பட்டியலில் சிறு மொத்தம் போடும் வசதி உண்டு. கூகுள் ஷீட்ஸில் அந்தப் பொத்தான் கிடையாது. ஆனால் சப்டோட்டல் சூத்திரமும் சம்இஃப் சூத்திரமும் உண்டு.

450 எப்படி 900 ஆகிறது?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எட்டுக் குடும்பங்கள் கொடுத்த பணம் என்று வைத்துக்கொள்வோம்.

லயத்தில் மூன்று குடும்பம்: 50, 30, 20. சிறு மொத்தம் 100 வெள்ளி.

தாமானில் மூன்று குடும்பம்: 100, 50, 50. சிறு மொத்தம் 200 வெள்ளி.

கிள்ளானில் இரண்டு குடும்பம்: 100, 50. சிறு மொத்தம் 150 வெள்ளி.

பெரு மொத்தம் 450 வெள்ளி. சிறு மொத்தங்களைப் பட்டியலின் நடுவில் கையால் எழுதிவிட்டு, கடைசியில் சம் சூத்திரத்தால் பத்தி முழுவதையும் கூட்டினால் என்ன வரும்? 900 வெள்ளி. ஒவ்வொரு காசும் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. உண்டியலில் 450, கணக்கில் 900. மீதி எங்கே என்று கேட்டால் பொருளாளர் என்ன சொல்வார்? ஒரு காசும் எடுக்காத மனிதர் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும்.

சப்டோட்டல் சூத்திரத்தில் இந்த ஆபத்து இல்லை. தான் கூட்டும் பத்தியில் வேறு சப்டோட்டல் சூத்திரங்கள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு, மூல எண்களை மட்டும் கூட்டும். சிறு மொத்தமும் பெரு மொத்தமும் அதே சூத்திரமாக இருந்தால் 450 என்றே வரும். சூத்திரம் பாதி, கையெழுத்து பாதி என்று கலந்தால் அந்தக் காப்பு போய்விடும்.

இன்னும் இரண்டு கண்ணிகள்

முதலாவது எழுத்து. "மேல் பிரிவு" என்று ஒருவர் இடைவெளி விட்டு எழுதுகிறார்; மற்றொருவர் "மேல்பிரிவு" என்று சேர்த்து எழுதுகிறார். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவை இரண்டு ஊர். இரண்டு சிறு மொத்தம் வரும். இடப் பெயர்களை முதலிலேயே முடிவு செய்து, எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இரண்டாவது எண். தொகைக் கட்டத்தில் "50 வெள்ளி" என்று எழுதினால் கணினி அதை எண்ணாகப் பார்க்காது, ஒரு சொல்லாகப் பார்க்கும், கூட்டலில் சேர்க்காது. 50 என்று மட்டும் எழுதுங்கள். சாதாரணமாக எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகைப் பத்தியில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு காவல் வைக்கலாம். சுருக்கத் தாளில் உள்ள சிறு மொத்தங்களைக் கூட்டி, அதிலிருந்து டேபிளின் முழு மொத்தத்தைக் கழித்துக் காட்டும்படி ஒரு கட்டம் வையுங்கள். அங்கே எப்போதும் 0 இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஓர் இடத்தின் பெயர் தவறாக எழுதப்பட்டு, அந்த வரி எந்தச் சிறு மொத்தத்திலும் சேராமல் வெளியே நிற்கிறது. குறுக்கும் நெடுக்கும் கூட்டிப் பார்த்த பழைய செக்ரோல் பாதுகாப்பு இதுதான். ஒப்பிடும்போது டேபிளில் வடிகட்டி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் எதற்கெல்லாம் உதவும்?

"நாலு பேர் கோயில் கணக்குக்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் நினைக்கலாம். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற கோயிலானாலும் மன்றமானாலும், ஆண்டுக் கூட்டம் நடந்த அறுபது நாளுக்குள் கணக்கையும் அறிக்கையையும் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாமலே இருந்தால் பதிவே பறிபோகும் நிலை வரலாம். ஒழுங்கான பட்டியல் இருந்தால் அது ஒரு நாள் வேலை. இல்லையென்றால் ஒவ்வோர் ஆண்டும் தலைவலி.

சிறு தொகை என்று எதையும் தள்ள வேண்டாம். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் பங்குப் பணம் கட்டினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. யார் எவ்வளவு கட்டினார் என்று ஆளுக்கு ஆள் வரி எழுதி வைத்திராவிட்டால் யார் பங்குதாரர் என்று எப்படிச் சொல்வது?

நம் வட்டாரத்திலேயே பாருங்கள். நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன. அவர்களுக்காகப் பெஸ்தாரி ஜெயாவில் 245 வீடுகள் கட்டும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. 245 என்பது பெரு மொத்தம். ஒரு குடும்பம் தேடுவதோ தன் தோட்டத்துப் பட்டியலில் தன் பெயரை. இப்படிப்பட்ட நாள் வரும்போது, எந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை இருந்தது என்று நம்மிடமே ஒரு பட்டியல் இருந்தால் எவ்வளவு பலம்! கோயில் நன்கொடைப் பேரேடும், சங்கச் சந்தாப் பேரேடும், பழைய சம்பளச் சீட்டும் அதற்குச் சாட்சியாக நிற்கும். அவற்றைக் கழித்துப் போடாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க

தம்பி தங்கைகளுக்கு இந்த மாதம் ஒரு வேலை. அப்பா அல்லது அம்மாவின் சம்பளச் சீட்டுகளை ஓராண்டுக்குச் சேர்த்தெடுங்கள். மாதம், காலாண்டு, சம்பளம், சேமநிதிப் பிடித்தம், சொக்சோ, கைக்கு வந்தது என்று ஆறு பத்தி போட்டு, பன்னிரண்டு வரி எழுதி, டேபிளாக்குங்கள். சம்இஃப் சூத்திரத்தால் காலாண்டுக்கு ஒரு சிறு மொத்தமும், அடியில் ஆண்டின் பெரு மொத்தமும் எடுங்கள். பிறகு சேமநிதி அறிக்கையைப் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். அறுபது வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளியிடம் பொதுவாக 11 விழுக்காடு பிடிப்பார்கள். சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். இரண்டும் சேமநிதிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏறும் மாதம் ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கலாம். ஆனால் சீட்டில் பிடித்த மாதம் அறிக்கையில் வராமலே போயிருந்தால், அதைச் சிறு மொத்தம் உடனே காட்டிக் கொடுக்கும். அப்போது அலுவலகத்திலும் சங்கத்திலும் போய்க் கேட்க உங்கள் கையில் தாள் இருக்கும்.

அப்பாவுக்கு மாத முடிவில் கைக்கு வந்த தொகை தெரியும். ஆண்டு முழுதும் எங்கே எவ்வளவு போயிற்று என்று அவர் பார்த்திருக்க மாட்டார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவது பிள்ளைகள் செய்யக்கூடிய உதவி.

அடுத்த இதழில், மரண சகாய நிதிக்கு மாதச் சந்தா கட்டியவர், கட்டாதவர் பட்டியலைப் பிழையில்லாமல் எடுப்பது எப்படி என்று பார்ப்போம். அதுவரை, கூட்டும் முன் ஒரு நகல் எடுத்து வைக்க மறவாதீர்கள். வணக்கம்.